நாரி நோவுக்கு ஒரு தென்னம்பிள்ளை

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஏன் ஓய்ந்தார் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்கிறேன். அவருக்கு நாரி பிடித்துவிட்டது, இடுப்புக்கு மேலே முதுகு அசையவில்லை. அன்றைக்கு அன்னமக்கா பக்கத்தில் இருந்திருந்தால் கடவுளைப் பாயில் குப்புறப் படுக்கவிட்டு, நாலு மூச்சு இழுக்கவைத்து, எட்டாம் நாள் விடியவே வேலைக்கு அனுப்பியிருப்பார். உலகமும் இப்படி அரைகுறையாக நின்றிருக்காது. முல்லைத்தீவிலிருந்து இமயமலை மட்டும் முதுகெலும்புள்ள சீவன் எதுவாக இருந்தாலும் அன்னமக்காவைக் கண்டால் எழும்பி நிற்கவேண்டும். நண்டுக்கும் கணவாய்க்கும் மட்டும் விலக்கு.

அவருடைய முழுப்பெயர் அன்னபாக்கியம். யோகாசனம் படிப்பிக்கிறவர் என்று கேள்விப்பட்டு மெலிந்து நீண்ட ஓர் அம்மாவைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் முதல் நாள் அவரைத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வந்தார்கள். கட்டையான உருவம், அகலமான தோள், ஐம்பது வயது. சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும்போது லொறியில் அரிசி மூட்டை இறக்க வந்தவர் போல இருப்பார். ஆனால் குனிந்தால் நெற்றி முழங்காலில் போய் முட்டும். முதல்தரம் பார்த்தபோது கதவுக்குப் போடுகிற பிணைச்சல் ஒன்றை இவருக்கு இடுப்பில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரருக்குக் கட்டின வரிசை வீட்டில். பதின்மூன்று வயதில் துரை பங்களாவுக்கு வேலைக்குப் போனார். துரையின் பெண்சாதிக்கு யோகாசனத்தில் பைத்தியம். ஒவ்வொரு நாளும் காலையில் விறாந்தையில் தலைகீழாக நிற்பா. அவ விழாமல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அன்னமக்காவின் வேலை. பிடித்த கையோடு எல்லாவற்றையும் பார்த்துப் பழகிவிட்டார். எழுத வாசிக்கத் தெரியாது. துரைசாணி சொன்ன இங்கிலீசுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் தோட்டத்திலிருந்தே பெயர் எடுத்தார். ஒற்றைக்காலில் நிற்பது சவுக்கு மரம். குனிந்து முதுகை வளைப்பது கொழுந்துக்கூடை. கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் பிடிப்பது மட்டக்கம்பு. தேயிலைச் செடி ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க மேலே வைக்கிற தடியாம் அது. எங்கள் கரையில் ஒருவரும் தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் நாற்பது பேர் மட்டக்கம்பாக நின்றிருக்கிறோம்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது புருசன் சங்கிலியோடு வன்னிக்கு வந்து, கனகராயன்குளத்தில் காடு வெட்டிக் காணி செய்தார். சங்கிலியைச் சில வருசத்தில் பாம்பு கடித்துவிட்டது. மகன் ஜனகனோடு அவர் அந்தக் காணியிலேயே கிடந்தார். தொண்ணூற்றேழில் பெரிய றோட்டால் சண்டை வந்தது. ஒரு சோற்றுப் பானை, ஒரு மண்வெட்டி, மகன், ஒரு சைக்கிள். இவ்வளவோடும் எங்கள் கடற்கரைக்கு வந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வெறும் மணலில் கொட்டில் போட்டார்.

தொழில் தொடங்கியதற்கு அரசாங்கத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். மண்ணெண்ணெய் வரவிடாமல் மறித்தார்கள். இஞ்சின்கள் எல்லாம் சாக்கால் மூடிக் கிடந்தன. ஆண்கள் துடுப்பு வலித்தார்கள், பெண்கள் கரைவலை இழுக்க இறங்கினார்கள். ஒரு மாரி முடிவதற்குள் ஊரில் நிமிர்ந்து நடக்கிற ஆள் இல்லை. என்னுடைய அம்மா கிறேஸ், தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, சுமையோடு போகிறவள் போலத் திரிந்தா.

"இந்தத் தோள் இனி உதவாது அன்னமக்கா. கழட்டிக் கடலுக்க எறிவம் எண்டு யோசிக்கிறன்" என்று ஒருநாள் கிணற்றடியில் சொன்னா.

"எறியாதீங்கம்மா. இங்கிட்டு வந்து உக்காருங்க" என்றார் அன்னமக்கா.

பத்து நாள். அம்மா அந்தக் கையாலேயே எனக்கு ஓங்கி ஒன்று போட்டபோது தோள் சரிவந்துவிட்டது என்று எனக்கு முதலில் தெரிந்தது.

"எவ்வளவக்கா தரவேணும்?" என்று அம்மா கேட்டா.

"காசு வேணாம்மா. காசு வச்சிருந்தா செலவாயிரும். ஒரு தென்னம்புள்ள குடுங்க. மொளச்சு ரெண்டு ஓலை விட்டதா பாத்து."

அதுதான் பிறகு சட்டமாகிவிட்டது. நோவோடு வரலாம். நோ போகும்வரை ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. போனபிறகு ஒரு தென்னம்பிள்ளை. இடையில் மீன் வரும், கருவாடு வரும், அது அன்பளிப்பு, கூலியில் சேராது. எங்கள் கரையில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. கொட்டிலுக்குப் பின்னால் பால்மா வந்த தகர ரின்னிலும் எண்ணெய் வாளியிலும் உரப்பையிலும் தென்னம்பிள்ளைகள் வரிசையாக நிற்கத் தொடங்கின. எங்களூர் மணலில் ஒன்றையாவது நட்டிருக்கலாம். நடவில்லை. நாலு வருசம் ஒரு மனுசி தென்னையை ரின்னிலேயே வைத்து வளர்த்தால் அவர் இந்த ஊரில் நிற்கப் போவதில்லை என்று அர்த்தம். அது எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது. நாங்கள் தண்ணியும் ஊற்றினோம்.

வளர்ந்து பெரிதாகிவிட்டவற்றைக் கோயில் வளவுக்குக் கொடுத்துவிட்டு, அதே ஆட்களிடம் புதிதாக ஒன்று வாங்கி அதே ரின்னில் வைப்பார். ஆளும் ரின்னும் மாறக்கூடாது. எந்த ரின் யாருடைய நோ என்று தெரியவேண்டும் என்பதற்காகத் தோணிக்குப் பூசுகிற தாரால் என்னை எழுதச் சொன்னார். "கிறேஸ் - தோள்", "பரமேஸ்வரன் - கழுத்து" என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். பிறகு அலுத்துவிட்டது. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யாகப்புவின் ரின்னில் "வாய் - சுகப்படாது" என்று எழுதினேன். அன்னமக்காவுக்கு வாசிக்கத் தெரியாதுதானே. ஆனால் யாகப்புவுக்குத் தெரியும்.

வகுப்பில் ஒரு பெரிய சிக்கல் நேரம். அன்னமக்காவிடம் மணிக்கூடு இருந்தது, அதற்குப் பற்றரி இல்லை. பற்றரியும் மறித்த சாமான்தான். ஓர் ஆசனத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாதாவுக்குச் சொல்கிற சின்னச் செபமான மரியே மந்திரம் ஒன்று சொல்லி முடியுமட்டும். பாதிக்கு மூச்சு உள்ளே, மீதிக்கு மூச்சு வெளியே. அன்னமக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவருக்கு இதில் ஒரு கோபமும் இல்லை.

"எங்க ஆத்தாவும் உங்க ஆத்தாவும் பக்கத்து லயமாத்தான் இருப்பாங்க. சொல்லுங்க, சொல்லுங்க."

செபம் சொல்லுகிற வேலை எனக்கு வந்தது. பக்தியால் அல்ல. சும்மா விட்டால் பக்கத்தில் நிற்கிறவளின் விலாவில் குத்துவேன், வாய்க்கு வேலை கொடுத்தால் கை சும்மா இருக்கும் என்பது அன்னமக்காவின் கணக்கு. நானும் ஒரு மாதம் ஒழுங்காகச் சொன்னேன். ஒருநாள் இருபது பெண்கள் சவுக்கு மரமாக ஒற்றைக்காலில் நிற்கும்போது, மரியே மந்திரத்தை விட்டுவிட்டு மாதா பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டேன். மாதாவுக்கு ஐம்பது பட்டம், ஒவ்வொரு பட்டத்துக்கும் எல்லோரும் பதில் சொல்லவேண்டும். நடுவில் நிறுத்தினால் பாவம். பதினைந்தாவதில் மரங்கள் ஆடின. இருபதாவதில் ஓர் ஓரத்தில் தொடங்கி ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து விழுந்தார்கள். விழுந்து கிடந்தபடியே "எங்களுக்காக மன்றாடும்" என்று சொன்னதை நான் மறக்கமாட்டேன். அன்னமக்கா மட்டும் கடைசிப் பட்டம் வரைக்கும் ஒற்றைக்காலில் நின்றார். முடிந்ததும் காலை மெதுவாகக் கீழே வைத்து, "நல்லா இருந்துச்சு. மத்தக் காலுக்கும் ஒருக்கா சொல்லு புள்ள. நீயும் நின்னுக்கிட்டு" என்றார். அன்று பின்னேரம் காலை மடக்கி வீட்டுப் படி ஏற என்னால் முடியவில்லை.

இந்தச் சத்தம் ஃபாதரின் காதுக்கும் போனது. சைவக்காரரின் வித்தையைச் சனங்கள் படிக்கிறார்களாம் என்று பார்க்க வந்தார். வாசலில் நின்று கேட்டார். உள்ளே மரியே மந்திரம். வந்த வழியே போனார். அடுத்த கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய ரின்னில் நான் பகிடி எழுதவில்லை. நரகத்துக்குப் பயம்.

ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபிறகு. கரைவலைச் சம்மாட்டி யாகப்பு மட்டும் ஒரு வருசம் வரவில்லை. மனுசன் நாரி வளைந்து, காசு தொலைத்தவர் போல நிலத்தைப் பார்த்தபடிதான் நடப்பார். அந்த நிலையிலும், "ஒரு பொம்பிளை சொல்லி நான் மூச்சு விடுறதோ? நான் பிறந்ததில இருந்து விட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்று கள்ளுக் கொட்டிலில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நோ அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் எல்லோரும் கண்ணை மூடிச் செத்த பிணமாகப் படுத்திருக்கிற நேரம். நான் களப்புத் தண்ணியில் பிடித்த சின்ன நண்டு ஒன்றை அவருடைய தொப்புளுக்குப் பக்கத்தில் விட்டேன். அது நெஞ்சுப்பக்கம் நடந்தது.

சம்மாட்டியார் படுத்த இடத்திலிருந்து ஒரேயடியாக எழும்பி, நேராக, தென்னைமரம் மாதிரி நின்றார். இரண்டு வருசத்தில் முதல்தரம் அவருடைய முகம் எங்களுக்குத் தெரிந்தது. அன்னமக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாத்தீங்களா சம்மாட்டி? மூச்ச சரியா இழுத்தா இப்பிடித்தான் நிமிரும்" என்றார். யாகப்பு நாரியைத் தடவிப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். அடுத்த ஞாயிறு தானே முதல் ஆளாக வந்து பாய் விரித்தார். எனக்கு வந்த தீர்ப்பு தனியாகவும் மெதுவாகவும் வந்தது: "நண்டக் கொண்டுபோயி தண்ணியில விட்டுட்டு வா. அதுவும் வேல செஞ்சிருக்கு. கூலி குடுக்க நம்மகிட்ட ஒண்ணுமில்ல."

இப்படி நாலு வருசம். ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு நோவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு தென்னம்பிள்ளையைக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் நோகவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பை மூன்று ஊரில் மூன்று தரம் தொடங்கி ஒருதரமும் முடிக்காதவள் நான். நாரி நோகிற அளவுக்கு என்ன செய்து கிழித்தேன்? செபம் சொன்னேன், தாரால் எழுதினேன், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அம்மாவின் ஒரு முறைப்பாட்டையும் சொல்லவேண்டும். இந்த வருசம் மாசி மாதம்.

"ஆரடி உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால தேங்காயைத் தாட்டு வச்சது? காலில இடறுது."

"எலி கொண்டந்திருக்கும்."

"தேங்காய் தூக்கிற எலியோ?"

"சண்டைக்காலத்து எலியம்மா. பயிற்சி எடுத்திருக்கும்."

அம்மா விளக்குமாற்றை எடுத்தா. கதை அதோடு முடிந்தது.

ஆனி மாதம் அன்னமக்காவின் மகன் ஜனகன் கனகராயன்குளத்துக்குப் போனார். றோட்டுக்கரைக் காணிகளில் மிதிவெடி எடுத்து முடிந்த பக்கத்துக்குச் சனம் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். போய், பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, ஆவணி முடிவில் ஒரு லொறிக்காரரிடம் செய்தி அனுப்பினார். காணி துப்புரவாகிவிட்டது. நிவாரண அட்டையையும் அங்கே மாற்றியாகிவிட்டது. மழைக்கு முன்னம் அம்மா வரவேண்டும். ஒருவன் தனியே யானைக்குக் காவல் இருப்பதா, நெல் விதைப்பதா? இந்தப் போகம் விட்டால் அடுத்த வருசம் முழுக்க உலையில் வைக்க ஒன்றுமில்லை.

அன்னமக்கா செய்தியைக் கேட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போனார். நானும் பின்னால் போனேன். அவர் ஒரு பால்மா ரின்னைத் தூக்கிக் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். துருப்பிடித்த தகரத்தைத் துளைத்துக்கொண்டு வேர் வெளியே வந்து தொங்கியது.

"பாத்தியா? இதுகளுக்கும் செய்தி வந்துருச்சு."

வகுப்பை மூடப்போகிறேன் என்று மறுநாள் சொன்னார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவர் அழவிடவில்லை, கொழுந்துக்கூடையாகக் குனியச் சொன்னார். குனிந்துகொண்டு அழுவது கஷ்டம், மூக்கு அடைக்கும்.

"யாருக்கு வலி பாக்கியிருக்கோ அத முடிச்சுட்டுத்தான் போவேன். பாதியில விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றார். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. துரைசாணி தன் நாட்டுக்குப் போனபோது, அன்னமக்காவின் கழுத்துப் பிடிப்பைப் பாதி எடுத்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டுப் போனாவாம். மீதிப் பாதி பன்னிரண்டு வருசம் இருந்ததாம். அன்றைக்குப் போட்ட சத்தியம் இது.

பாக்கி எட்டு நோ. ஊர் முழுக்க அந்த எட்டுப் பேரையும் நெருக்கியது. கிணற்றடியில், சங்கக்கடை வரிசையில், "உங்கட கால் இன்னும் சுகமில்லையோ? அந்த மனுசிக்கு மழை வரப்போகுது" என்று கேட்கத் தொடங்கினார்கள். பாதி நோ வெட்கத்திலேயே போய்விட்டது. அம்மா வகுப்பைத் தான் தொடர்ந்து நடத்துவதாக ஏற்றுக்கொண்டு, மட்டக்கம்பைப் பழகினா. புரட்டாசி பிறந்து இரண்டாம் நாள் தபால்காரப் பரமேஸ்வரன் அண்ணர் கடைசி ஆளாக வந்து, திரும்பவும் பிடித்திருந்த கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு இரண்டாவது தென்னம்பிள்ளையை வைத்தார்.

மூன்றாம் நாள் விடிய எனக்கு நாரி பிடித்தது.

எனக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். ஊரில் ஒரு வேடிக்கையும் மிச்சமில்லாமல் போய்விடும் என்ற கவலைதான். பாயில் புரண்டு, "அம்மா, எழும்ப ஏலாது" என்று நான் போட்ட சத்தத்தில் யாகப்பு வீட்டு நாய்கூடக் குரைத்தது. ஒரு கிழமை இழுத்தால் மழை வந்துவிடும், மழை வந்தால் சாமான் ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் சேற்றில் போகாது, பிறகு தைக்குத்தான் போகலாம் என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன். கணக்கில் எனக்கு எப்போதும் இருபதுக்குமேல் வந்ததில்லை.

அன்னமக்கா வந்து பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் அக்கா. ஐயோ. அதிலதான்."

"சரி. நாளைக்கு வெள்ளனா கொட்டிலுக்கு வா."

மறுநாள் போனேன். "எந்தப் பக்கம் வலிக்குது?"

நேற்று எதைச் சொன்னேன் என்று மறந்துபோனேன். "வலது."

"ம். ராத்திரி நடந்து போயிருக்கு" என்றார் முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நடக்குற வலிக்குத் தனி வைத்தியம் இருக்கு. துரைசாணி எனக்கு ரகசியமா சொல்லிக் குடுத்தது. கைய மேல தூக்கு. இன்னும். கூரையத் தொடு. அந்தக் கிடுகப் பிடிச்சுக்க. இப்ப மூச்ச விட்டுக்கிட்டே இழு."

இழுத்தேன். கூரை வேய்ந்த ஓலைக் கிடுகு கையோடு வந்தது.

"நல்லது. அடுத்தத இழு."

அன்றைக்கு நாற்பது கிடுகு இழுத்தேன். அதன் பெயர் மேகம் கலைக்கிற ஆசனமாம். இரண்டாம் நாள் குந்தியிருந்து ஒரு மரத்தூணைக் கட்டிப்பிடித்து இடமும் வலமும் திருப்பச் சொன்னார். அது இடுப்பைத் திறக்குமாம். தூண் மண்ணிலிருந்து கழன்று வந்தது. இப்படி ஆறு தூண். மூன்றாம் நாள் கிடுகுகளைக் கட்டாகக் கட்டி, கயிற்றை நெற்றியில் மாட்டி, கொழுந்துக்கூடைபோல முதுகில் சுமந்து றோட்டுக்கரைக்கு நடந்தேன். போகவர ஒரு பதினைந்து தரம். நோ எப்படி என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். நான் ஒவ்வொரு நாளும் "கிடக்கு" என்றேன். போய்விட்டது என்று சொன்னால் அவர் போய்விடுவார். கிடக்கிறது என்றால் இன்னொரு ஆசனம்.

நாலாம் நாள், பாயில் மல்லாந்து படுத்து மூச்சு விடச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. எழும்பிச் சுற்றிப் பார்த்தேன். கொட்டிலைக் காணவில்லை. கூரை இல்லை, தூண் இல்லை, நான் படுத்திருந்த பாய் மட்டும் மணலில் கிடந்தது. அன்னமக்கா அந்தப் பாயையும் சுருட்ட வந்து நின்றார்.

"எழும்பிட்டியா? அப்ப இத மடி. கைக்கு நல்லது."

யாகப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று பார்த்தார். "நாரி பிடிச்ச பிள்ளை வீடு பிரிச்சதை என்ர வயசில இப்பதான் காணுறன்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மானம் விடவில்லை. மொத்தமாக மூன்று கிழமை நாரியைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். கொட்டில் இல்லாமல் அன்னமக்கா எங்கள் வீட்டு விறாந்தையில் படுத்தார். பகலில் அம்மாவுக்கு மிச்ச ஆசனங்களைச் சொல்லிக் கொடுத்தார், பின்னேரத்தில் ரின்களுக்குத் தண்ணி ஊற்றினார். ஒருதரமும் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கும் இலேசாக இருந்திருக்கும்.

புரட்டாசி இருபத்தைந்தாம் நாள் ஜனகன் லாண்ட்மாஸ்டரும் அது பின்னால் இழுக்கிற பெட்டியுமாக வந்து இறங்கினார். ஆளைப் பார்க்கவே பயமாக இருந்தது. காய்ச்சல் வந்து மாறிய முகம், கையில் வெட்டுக்காயம். வானம் தெற்கில் கறுத்திருந்தது.

"அம்மா, எல்லாத்தையும் ஏத்துவம். ராவைக்கே மழை பிடிச்சா புளியங்குளத்துக்கு அங்கால பெட்டி இழுக்காது."

"இரு தம்பி. ஒரு முதுகு பாக்கியிருக்கு" என்றார் அன்னமக்கா, கல்லில் உட்கார்ந்தபடி.

"ஆற்ற முதுகு?"

அவர் என்னைக் கையால் காட்டினார். ஜனகன் என்னைப் பார்த்தார். ஏச்சு வரும் என்று நின்றேன். அவருக்கு ஏசக்கூடத் தென்பு இல்லை.

"தங்கச்சி," என்றார், "நான் தனிய அங்க ஒரு மாசமாச் சோறு ஆக்கேல்ல. அவிச்ச கிழங்குதான். நெல்லு விதைக்கவேணும். அம்மாவை விட மாட்டியோ?"

அந்த மனுசி சத்தியத்தை மீறமாட்டார். நான் வாயைத் திறக்கும்வரை அந்தக் கல்லிலேயே இருப்பார், மழை வந்தாலும் இருப்பார். அது எனக்கு அப்போதுதான் சரியாக உறைத்தது.

"போட்டுது" என்றேன்.

"என்னா போயிருச்சு?" என்றார் அன்னமக்கா.

"நோ. இப்ப, இந்த நிமிசம்தான். காத்து மாறினதால போல."

"நல்லா பாத்துச் சொல்லு. இடதா, வலதா?"

"ரெண்டும்."

அவர் எழும்பிச் சேலையைச் செருகினார். ஊரே வந்து ஏற்றியது. பானை, மண்வெட்டி, கிடுகுக் கட்டு, தூண்கள், நாலு வருசத்துப் பாய்கள். கடைசியில் தென்னம்பிள்ளைகள். ரின்னும் வாளியும் உரப்பையுமாகப் பெட்டி நிறைந்து, தோப்பு ஒன்று எழும்பி ஊர்வலம் போவது போல ஓலைகள் ஆடின. எல்லோரும் கிறேஸின் தோள் எங்கே, ஃபாதரின் முழங்கால் எங்கே என்று தங்கள் தங்கள் நோவைத் தேடித் தொட்டுப் பார்த்தார்கள். யாகப்பு தன்னுடைய ரின்னை வாசித்துவிட்டு என்னைத் தேடினார். நான் அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் போயிருந்தேன். ஒரு நிமிச வேலை. திரும்பி வந்து, ஆட்கள் அன்னமக்காவைக் கட்டிப்பிடித்து அழுகிற இரைச்சலில், பெட்டியின் பின்மூலையில் ஒன்றை வைத்தேன், கையை எடுத்தேன். ஒருவரும் காணவில்லை. நண்டு விட்ட கை, பழகிய கை.

லாண்ட்மாஸ்டர் இருமிப் புகைவிட்டுக் கிளம்பியது. அன்னமக்கா பெட்டியின் பின்பலகையில், ஓலைகளுக்கு நடுவே, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தூரத்தில், நாரியில் கைவைக்காமல், சுகப்பட்டவள் மாதிரி நின்றேன். பத்து யார் தூரம் போயிருக்காது.

"தம்பி, நிப்பாட்டு!"

நின்றது. அவர் பின்மூலையில் குனிந்து ஒரு ரின்னை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தார். தாரெழுத்து ஒன்றும் இல்லாத ரின். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துத் தெரியாத மனுசிதான். ஆனால் தன் ரின் ஒவ்வொன்றையும் நெளிவு சுளிவோடு தெரியும்.

"கிருசாந்தினி! இங்கிட்டு வா."

முழுப்பெயர். போனேன்.

"இது யாரு வலி?"

"என்ரயாத்தான் இருக்கும். நோ போனா தரவேணும்தானே. சட்டம்."

"உனக்கு முதுகு புடிச்சு எத்தன நாளு?"

"மூண்டு கிழமை."

அவர் விரலால் ஓலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார், ஊருக்கே கேட்கிற மாதிரி. "ஒண்ணு. ரெண்டு. மூணு. இந்தா, நாலாவது குருத்தும் வருது. தேங்கா மொளச்சு நாலு ஓலை விட ஏழு எட்டு மாசம் வேணும்டி. மாசியில தாட்டு வச்சியா? எனக்குக் குடுக்க உனக்குக் கன்னு இருந்துச்சு, வலிதான் இல்ல. அதுக்குத்தான் ஒரு வலிய வாங்கிக்கிட்டியா?"

அம்மா தோய்க்கிற கல்லின் பக்கம் திரும்பிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "எலி" என்றா.

ஏதாவது ஒரு பகிடி சொல்லியிருக்கவேண்டும். நான் ரின்னின் துருவைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். அன்னமக்கா தூண் கட்டுக்கு இடையிலிருந்து தார்ச் சிரட்டையையும் ஈர்க்குக் கட்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார். அவற்றை அங்கே ஆயத்தமாக வைத்திருந்தார்.

"பேர எழுது. பகிடி எழுதக்கூடாது. அங்க போயி ஜனகன வாசிச்சுக் காட்டச் சொல்லுவேன்."